புதுப் பெட்டியில் பழைய பொட்டு

அத்தியாயம் 6

மோகனூர் சாலையில் இருக்கும் பூவாத்தாள் ரோடுவேஸின் யார்டுக்குள் சரவணக்குமார் பைக்கைத் திருப்பியபோது, டேங்கர் லாரிகள் வரிசைகட்டி நின்று உறுமிக்கொண்டிருந்தன. எதுவும் நகரவில்லை. நாமக்கல்காரனை அடிக்கவோ திட்டவோ வேண்டியதில்லை. ஓட வேண்டிய லாரியை அவன் கண்ணெதிரே நிறுத்திவைத்தால் போதும். டிரைவர்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள். ஒருவர் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் டயர்களை எட்டி உதைத்தபடி வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அவற்றில் முக்கால்வாசி அவருடைய வண்டியின் டயர்கள் அல்ல.

"அக்கா, இத்தனை லாரி சும்மா நிக்குதுன்னா ஒண்ணு ஸ்ட்ரைக்கா இருக்கணும், இல்ல மொதலாளி ஊட்டுக் கல்யாணமா இருக்கணும்" என்றான்.

கமலவேணி பின்சீட்டிலிருந்து இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, பைக்கை நிழலில் போடச் சொன்னார்.

சேலம் ஐந்து ரோட்டில் ஒரு செல்போன் கடையின் மாடியில் 'கமலவேணி துப்பறியும் நிலையம்' என்று போர்டு தொங்கும். அதற்கு முன்பு அவர் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட லாரிகளைச் சுற்றிப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதித் தந்துகொண்டிருந்தார். இரண்டும் ஒரே தொழில்தான், இப்போது டீசல் வாடை கொஞ்சம் குறைவு, அவ்வளவே என்பது சரவணக்குமாரின் அபிப்பிராயம். அவன் அவருடைய உதவியாளன். கைகால் வேலைக்குச் சம்பளம் வாங்கினான். வாயை மட்டும் இலவசமாகவே வழங்கிவந்தான்.

முதலாளி கைலாசம் அவர்களைத் தம் அறையில் எதிர்கொண்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அந்தச் சட்டைப்பைக்கு வெளியே பாதி தெரியும்படி ஒரு செல்போன். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க விருதுகள். 'சாலைப் போக்குவரத்துச் செம்மல்', 'தொழில் சிகரம்', 'சாதனைத் திலகம்'. கொடுத்தவர்கள் பெயர் எதிலும் படிக்கும் அளவில் இல்லை. அவருக்குப் பக்கத்தில், அவரைவிட ஓர் அங்குலம் உயரமான நாற்காலியில் மாப்பிள்ளை நவீன்குமார் இருந்தார். பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். அவர் முன்னாலிருந்த பெயர்ப்பலகை அவரைச் 'சீஃப் டிரான்ஸ்ஃபர்மேஷன் ஆஃபீசர்' என்றது. எதை எதுவாக மாற்றுகிறார் என்று அதில் இல்லை.

"வாங்க அம்மணி" என்று கும்பிட்டார் கைலாசம். அப்புறம் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். மாமனார் நிறுத்திய இடத்தில் மாப்பிள்ளை ஆங்கிலத்தில் தொடர்ந்தார், மாப்பிள்ளை நிறுத்திய இடத்தில் மாமனார் பெருமூச்சு விட்டார். இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நடந்தது இதுதான்.

கம்பெனியின் மூளை ஒரு பழைய சர்வர். எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் எதில் போகிறார், எந்த டயர் எந்தச் சக்கரத்தில் தேய்ந்துகொண்டிருக்கிறது எல்லாம் அதற்குள்ளே. அது அடித்துத் தரும் கேட் பாஸ் இல்லாமல் வாசல் கம்பி உயராது. பெட்டி கிழடுதட்டிவிட்டதால் புதுப் பெட்டி வாங்கினார்கள். சர்வரைக் கவனிக்கும் சௌந்தர்யா நேற்று பழைய பெட்டியிலிருந்த சிஸ்டத்தை அப்படியே, மயிரிழை பிசகாமல், புதுப் பெட்டிக்கு மாற்றினாள். சாயங்காலம் புதுப் பெட்டியிலிருந்தே கேட் பாஸ் அடித்து லாரிகள் போயின. எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளை உரையாற்றினார்.

பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொண்ட கடைக்காரரின் வேன் விடியற்காலையிலேயே வந்து அள்ளிப்போய்விட்டது. கொடுப்பதற்கு முன் அதிலிருப்பதை அழித்துவிட வேண்டும் என்பது மாப்பிள்ளையின் உத்தரவு. சௌந்தர்யா நேற்றே அழித்திருந்தாள். வாரம் தவறாமல் தனி நகல் எடுத்துவைக்கும் வழக்கமும் முன்பு இருந்தது. கிளவுடுக்குப் போகப்போகிறோம், இன்னும் என்ன அந்தக் காலத்து வழக்கம் என்று மாப்பிள்ளை அதை நிறுத்தியிருந்தார். கிளவுடுக்கு இன்னும் போகவில்லை.

இன்று காலை ஆபீஸைத் திறந்தால், புது சர்வர் ஓடுகிறது. ஆனால் போன ஆயுத பூஜைக்குப் பிறகு உலகத்தில் நடந்த எதுவும் அதற்கு ஞாபகமில்லை. இதுவோ தை மாசம். இடையில் வாங்கிய லாரிகள் அதைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. விற்றுப்போன லாரிகள் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. வேலையை விட்டுப் போய் தம்மம்பட்டியில் கோழிப்பண்ணை வைத்துவிட்ட டிரைவர் ஒருவர் கம்ப்யூட்டரில் இன்னும் டூட்டியில் இருந்தார்.

"அந்தப் புள்ள போன மாசந்தான் வேலையை உடறேன்னு சொல்லுச்சுங்க" என்றார் கைலாசம். "கோயமுத்தூர்ல பெரிய எடத்துல கெடைச்சிருச்சாம். சம்பளம் சேத்தித் தர்றோம், இருன்னோம். மாட்டேன்னுருச்சு. போற போக்குல அழிச்சுப்போட்டுப் போகுதுங்க."

அவளை டயர் ஸ்டோரில் உட்காரவைத்திருந்தார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் பக்கம் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதாக முடிவு. கேஸ் என்று ஒன்று விழுந்துவிட்டால் கோயமுத்தூர் வேலை மட்டுமில்லை, இனி எந்த ஊர் சர்வர் பக்கத்திலும் அவளை யாரும் சேர்க்கமாட்டார்கள். அதற்குள் கமலவேணி பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் கௌரவமாக முடிந்துவிடும் என்றார் கைலாசம். யாருடைய கௌரவம் என்று கேட்கச் சரவணக்குமாருக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்கா பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டான்.

"அவங்க எவ்வளவு கேர்லெஸ்னு நான் சொல்றேன் மேடம்" என்று முன்னால் சாய்ந்தார் மாப்பிள்ளை. "காலைல வந்து பார்க்கறேன், நெட்வொர்க்கே வரலை. புதுப் பெட்டியோட நெட்வொர்க் கார்டை சிஸ்டத்துக்கு இன்ட்ரடியூஸ் பண்ணவே இல்லை. பேசிக் விஷயம். பெங்களூர் ஃப்ரெண்டைக் கால் பண்ணி நானே செட் பண்ணினேன்."

"நேத்து சாயங்காலம் கேட் பாஸ் அடிச்சது இதே பெட்டியிலதானே?"

"ஆமா."

"நெட்வொர்க் இல்லாமலா?"

மாப்பிள்ளை நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அது ஒரு மாதிரி லெகஸி இஷ்யூ" என்றார்.

கமலவேணி சர்வர் ரூமைக் காட்டச் சொன்னார். எழுந்துகொண்டே மாப்பிள்ளை தம் திட்டத்தையும் அறிவித்தார்: இருக்கிற குப்பையை மொத்தமாக வழித்துப்போட்டு, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றி, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கப் போகிறாராம். ஃப்ரெஷ் ஸ்டார்ட்.

சர்வர் ரூம் கதவில் ஓர் அறிவிப்பு லேமினேஷன் செய்து ஒட்டப்பட்டிருந்தது. தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், ஊதுபத்தி, சந்தனம், குங்குமம் ஆகியவற்றை உள்ளே கொண்டுவரக் கூடாது. கீழே மாப்பிள்ளையின் கையெழுத்து.

"திருநீறு உட்டுட்டாரு" என்றான் சரவணக்குமார் மெதுவாக. "அது வழியா உள்ள பூந்துறலாம்."

உள்ளே மேஜைமேல் கறுப்பாக ஒரு பெட்டி. பெரிய ஆர்ப்பாட்டம் எதுவுமில்லை. கைலாசத்தின் ஒரு விருது அதைவிடப் பெரியது. முகப்பில் மேலே ஒரு டிராயரும் கீழே ஒரு டிராயருமாக இரண்டு அறைகள், டிஸ்க் செருகி வைப்பதற்கு. மேல் டிராயரின் முகத்தில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

மாப்பிள்ளை முகம் சுளித்தார். "பாருங்க. போர்டு வெச்சும் எவனோ வந்து தடவியிருக்கான். இந்த ஜனங்களை என்ன பண்றது மேடம்?" அவர் 'ஜனங்கள்' என்று சொன்னபோது கைலாசம் சன்னல் வழியாக வெளியே லாரிகளைப் பார்த்தார்.

கமலவேணி குனிந்து சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சேறு போல வெடித்து, ஒரு சில்லு உதிர்ந்து விழுந்தது. உதிர்ந்த இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு விளக்கு இருந்தது. குங்குமம் கறுத்து, எண்ணெய் ஏறிப்போயிருந்தது.

"இந்தப் பெட்டி என்னைக்கு வந்தது?"

பொங்கல் கழித்து வந்ததாக மாப்பிள்ளை சொன்னார். கமலவேணி நகத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பெண்ணைப் பார்க்கலாமா என்றார்.

டயர் ஸ்டோர் யார்டின் மறுகோடியில் இருந்தது. போகும் வழியெங்கும் ஹாரன் சத்தமும் டீசல் புகையும், கேட் பாஸ் எப்போது வரும் என்று ஒவ்வொருவராக வந்து கேட்கும் டிரைவர்களும். தான் துப்பறிபவன் என்று சரவணக்குமார் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தான். அப்படியானால் எப்போது வரும் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார் அவர்.

"மாப்பிள்ளைதான் அக்கா" என்றான் அவன் நடந்தபடியே. "முழியே சரியில்ல. நகல் எடுக்கறதை நிறுத்துனது அவரு, பழசை அழிக்கச் சொன்னது அவரு, இப்ப மிச்சத்தையும் வழிச்சுப்போடறேன்னு நிக்கறதும் அவரு."

"அவருக்கு அவ்வளவு தெரியாது" என்றார் கமலவேணி. "சரி, நீ சொல்லு. ஒருத்தி பழிவாங்கணும்னு அழிக்கிறா. எல்லாத்தையும் அழிக்காம, ஆயுத பூஜை வரைக்கும் பத்திரமா விட்டுவெச்சுட்டு, அதுக்கப்புறம் இருக்கறதை மட்டும் ஏன் அழிக்கணும்?"

"பக்தியா இருக்கும்."

"பழிவாங்கறவங்க பண்டிகை பார்க்க மாட்டாங்க சரவணா."

டயர் ஸ்டோரில் ரப்பர் வாடை மூக்கை அடைத்தது. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு பொன்னன் என்கிற டிரைவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். உள்ளே, அடுக்கிய டயர்கள்மேல் சௌந்தர்யா இருந்தாள். வெண்ணந்தூர் நெசவுக் குடும்பத்துப் பெண், எம்.சி.ஏ. படித்தவள். அழுது ஓய்ந்த முகத்தை எதிர்பார்த்து வந்த சரவணக்குமாருக்கு ஏமாற்றம்தான். அவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"ஒப்புக்க வெக்க வந்தீங்களா?" என்றாள்.

"அதுக்குத்தான் கூப்பிட்டாங்க" என்றார் கமலவேணி, எதிரே ஒரு டயரில் உட்கார்ந்துகொண்டு. "நேத்து என்ன செஞ்சேன்னு சொல்லு. எனக்குப் புரியற மாதிரி."

அவள் சொன்னாள். சிஸ்டத்தை மாற்றுவது என்றால் சாமான்களை வண்டியில் ஏற்றி அடுத்த வீட்டில் இறக்குவது இல்லையாம். ஆளையே அச்செடுப்பதாம். பெயர், அடையாள எண், குணம், கோணல் எல்லாம் அதே. புதுப் பெட்டியில் சில உறுப்புகள் மட்டும் வேறு என்பதால், நெட்வொர்க் கார்டு மாதிரி ஒன்றிரண்டை அதற்குப் புதிதாகப் பழக்கிவிட வேண்டும். பழக்கிவிட்டுத்தான் போனாள். சாயங்காலம் கேட் பாஸ் வந்ததே அதனால்தான்.

"காலைல நெட்வொர்க்கே வரலைங்கறாரு மாப்பிள்ளை."

"பொய்யிங்க. நேத்து போட்டேன்."

"அவர் பொய் சொல்லலை. பெருமைதான் அடிச்சுக்கிட்டாரு. நீ பழக்கிவிட்ட சிஸ்டத்துக்கு நெட்வொர்க் தெரியும். இன்னைக்கு எழுந்திருச்சதுக்குத் தெரியலை. அப்ப இன்னைக்கு எழுந்திருச்சது நீ பழக்கினதே இல்லை."

சௌந்தர்யா டயர் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அச்செடுத்த ஆளும் அசல் ஆளும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தா பெட்டி யாரை எழுப்பும்?"

"மேல் டிராயர்ல இருக்கறதைங்க. ஆனா ரெண்டு எங்கிருந்து வரும்? என்னோடது கீழ் டிராயர்ல இருக்குது. கடைக்காரரே அங்கதான் மாட்டி அனுப்புனாரு. மேல காலி. அதுக்கான டிஸ்க் இன்னும் கூரியர்லயே வரலை."

"காலியா?" என்றான் சரவணக்குமார். "அங்க ஒருத்தர் பொட்டெல்லாம் வெச்சுக்கிட்டு ஜம்முன்னு உக்காந்திருக்காரே?"

சௌந்தர்யா எழுந்து நின்றாள். டயர் உருண்டு பொன்னன் காலில் முட்டியது.

அவளுக்கு விளங்கிவிட்டது, அவள் பேசிய வேகத்தில் மற்றவர்களுக்கு விளங்கத்தான் நேரம் பிடித்தது. பழைய பெட்டியில் ஜோடியாக இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்போதைக்கப்போதே எழுதிக்கொள்ளும். ஒன்று படுத்தாலும் மற்றது வேலையை ஓட்டும். ஆயுத பூஜையன்று யார்டில் இருக்கிற சகலத்தையும் ஈரத்துணியால் துடைப்பார்கள். லாரியைத் துடைக்கிற அதே உற்சாகத்தோடு யாரோ சர்வரையும் துடைத்து, டிராயரை இழுத்துத் தள்ளியிருக்கிறார்கள். சரியாகப் பொருந்தாமல் ஒரு டிஸ்க் ஜோடியிலிருந்து விலகிவிட்டது. அன்றோடு அதற்கு உலகம் நின்றுபோனது. மற்றது தனியாளாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. விலகியதைச் சொல்ல டிராயரிலேயே ஒரு சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் கண்ணடிக்கும். அந்த விளக்கின் மேலேதான் சந்தனத்தை அப்பியிருக்கிறார்கள்.

"வெளக்கை மறைச்சாலும் எச்சரிக்கை மெயில் தினமும் போகும். எனக்குத்தான் வந்துட்டிருந்துச்சு" என்றாள். "போன ஆவணியில மாப்பிள்ளை அதையெல்லாம் தன் பேருக்கு மாத்திக்கிட்டாருங்க. எல்லா ரிப்போர்ட்டும் தனக்குத்தான் வரணும்னு."

"வந்திருக்கும்" என்றான் சரவணக்குமார்.

அவள் நேற்று அழித்தபோதும் பழைய பெட்டிக்குக் கண்ணில் பட்டது ஒரு டிஸ்க்தான். படுத்துக்கிடந்தது அழியாமலேயே தப்பிவிட்டது. அது இப்போது புதுப் பெட்டியின் மேல் டிராயரில் எஜமானனைப் போல உட்கார்ந்து, ஆயுத பூஜையன்று விட்ட இடத்திலிருந்து உலகத்தை ஆரம்பித்திருக்கிறது. அப்படியானால் நேற்றைய சாயங்காலம் வரைக்குமான எல்லாம் கீழ் டிராயரில் அப்படியே இருக்க வேண்டும்.

"யாரும் வழிச்சுப்போடாம இருந்தா" என்றாள் சௌந்தர்யா.

கமலவேணி ஏற்கனவே வெளியே வந்துவிட்டார். ஆனால் ஓடவில்லை. ஸ்டோருக்கு எதிரே நின்ற ஒரு புத்தம்புதிய லாரியைப் பார்த்தபடி நின்றார். பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்காத சீட். அதன் நெற்றியில் மட்டும் துருப்பிடித்து, ஒரு பக்கம் நசுங்கிய பழைய ஹாரன்.

"இதென்ன பொன்னண்ணே?"

பொன்னன் சிரித்தார். "அது மொதலாளி வழக்கமுங்க. பழைய வண்டியைக் குடுக்கறப்ப அதுல ஒரு உருப்படியைக் கழட்டிப் புது வண்டியில மாட்டிருவாரு. இல்லாட்டி ராசி அந்த வண்டியோடவே போயிருமாம். ஆரும் பாக்கறதுக்கு முன்னால, விடியக்காலம் அவரே வந்து மாட்டோணும். இந்த ஆரன் பல வண்டி பாத்துருச்சுங்க."

"எங்க ஆபீஸ்ல இருந்திருந்தா இந்நேரம் மேனேஜர் ஆயிருக்கும்" என்றான் சரவணக்குமார். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. விடியற்காலை. பழைய பெட்டியை ஏற்ற வந்த வேன். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்ற கைலாசம்.

"சரவணா, சர்வர் ரூமுக்கு ஓடு" என்றார் கமலவேணி. "மாப்பிள்ளை பெட்டியைத் தொடாமப் பார்த்துக்க. நான் மாமனாரைக் கூட்டிட்டு வாரேன்."

அவன் ஓடினான். லாரிகளுக்கு இடையில் புகுந்து, யாரோ கழுவிவிட்ட தண்ணீரில் வழுக்கி, மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மாப்பிள்ளை பெட்டிமுன் உட்கார்ந்திருந்தார். பென்டிரைவ் செருகியாகிவிட்டது. போனில் பெங்களூர் நண்பர் ஏதோ சொல்ல, இவர் ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். திரையில், எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று ஒரு கேள்வி நின்றது. அவர் விரல் பதிலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடிக்க முடியாது, மாப்பிள்ளை. தடுக்க முடியாது, அதிகாரி. சரவணக்குமார் வாய்க்கு வந்ததைக் கேட்டான்.

"சார், சேஞ்சுக்கும் டிரான்ஸ்ஃபர்மேஷனுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

விரல் அந்தரத்தில் நின்றது. பூவாத்தாள் ரோடுவேஸுக்கு அவர் வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் தாமாகக் கேட்டதில்லை. அவர் நண்பரிடம் அப்புறம் கூப்பிடுவதாகச் சொன்னார். நாற்காலியைத் திருப்பினார். நல்ல கேள்வி என்றார். எழுந்து வெள்ளைப் பலகையில் ஒரு கம்பளிப்பூச்சி வரைந்தார். கம்பளிப்பூச்சி கொஞ்சம் வேகமாக நடந்தால் அது சேஞ்ச். பட்டாம்பூச்சிக்கு அவர் இரண்டாவது இறக்கையை வரைந்துகொண்டிருக்கும்போது கமலவேணி வந்துவிட்டார். பின்னால் கைலாசம். அவருக்குப் பின்னால் சௌந்தர்யா.

"இவங்களை ஏன் உள்ள விட்டீங்க?" என்றார் மாப்பிள்ளை, மார்க்கரை நீட்டி.

கமலவேணி கைலாசத்தைப் பார்த்து, மேல் டிராயரைக் காட்டினார். "பெட்டிக்கு வயசு ஒரு மாசம்கூட ஆகலைங்க. அதுமேல இருக்கற பொட்டுக்கு வயசு மூணு நாலு மாசம். நீங்க மாட்டினதை நீங்களே கழட்டிடுங்க."

கைலாசம் மாப்பிள்ளையைப் பார்த்தார். கதவிலிருந்த அறிவிப்பைப் பார்த்தார். யார்டில் எவ்வளவு பெரிய டிரைவரையும் ஒரு செருமலில் அடக்கும் மனிதர், பரீட்சைத் தாளை ஒளித்து வைத்தவர் போல நின்றார்.

"ராசிக்கோசரம் மாப்பிள்ள" என்றார் கடைசியில், குரல் இறங்கி. "அந்தப் பெட்டி வந்தப்புறந்தான் நம்மகிட்ட வண்டி பெருகுச்சு. வேன்காரரு கயிறு கட்டிட்டிருந்தாப்ல. பொட்டு வெச்ச டிராயரா ஒண்ணு இருந்துச்சு. அதைக் கழட்டி இதுல மாட்டுனேன், ஒரே கம்பெனிப் பெட்டிங்காட்டி அச்சாப் பொருந்துச்சு. ஓடற வண்டியில கை வெக்கக் கூடாதுன்னு சுச்சைக்கூட அணைச்சுட்டுத்தான் மாட்டுனேன். மறுக்கா போட்டுட்டு வந்துட்டேன்."

"காலைல இருந்து ஏன் சொல்லலை மாமா?"

"நீங்க சிரிப்பீங்கன்னுதான்."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவருக்குள் பல பாடங்கள் ஓடுவது தெரிந்தது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாயைத் திறப்பதற்குள், மூன்று மாதமாகத் தம் பெயருக்கு வந்துகொண்டிருக்கும் எச்சரிக்கை மெயில்களை ஒரு தரம் திறந்து பார்க்கச் சொன்னார் கமலவேணி. அவர் போனை எடுத்தார். பார்த்தார். பிறகு வெகுநேரம் தலை நிமிரவில்லை. மெயில் நிறைய இருந்திருக்கும்.

சௌந்தர்யா யாரையும் கேட்காமல் சர்வரின் முன் உட்கார்ந்தாள். பென்டிரைவைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள். சர்வரை அணைத்தாள். மேல் டிராயரை உருவிக் கைலாசத்தின் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பிரசாதம் வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

பெட்டி எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் வெளியே ஹாரன்கள் மட்டும் பேசின. சரவணக்குமார் பாதிப் பட்டாம்பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரை இருண்டு, எழுத்துகள் ஓடி, நின்றன. பிறகு வரிசையாக லாரிகளின் பெயர்ப்பட்டியல். சௌந்தர்யா கீழே, இன்னும் கீழே உருட்டிக்கொண்டு போய், நேற்று சாயங்காலம் கடைசியாகப் போன லாரியின்மேல் விரலை வைத்தாள். அடுத்த அறையில் பிரின்டர் கடகடவென்று கேட் பாஸ் துப்ப ஆரம்பித்தது.

கைலாசம் நொடியில் பழைய கைலாசமாகிவிட்டார். எல்லாம் நல்லபடியாகப் போயிற்று என்றார், இனி இதை யாரும் கிளற வேண்டாம் என்றார், அனைவருக்கும் டீ சொன்னார். மாப்பிள்ளையும் நிமிர்ந்தார். நெருக்கடியில் டீம் எப்படிச் செயல்பட்டது என்பது பற்றி ஏதோ தொடங்கினார்.

கேட் பாஸ் வாங்க வந்த டிரைவர்கள் வராந்தாவில் கூடிவிட்டார்கள். "கெடைச்சிருச்சா? பயந்துட்டுத் திருப்பி வெச்சிருச்சாட்ட இருக்குது அந்தப் புள்ள" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது. கைலாசத்துக்கும் கேட்டது. அவர் டீ இன்னும் வரவில்லையே என்று கவலைப்பட்டார்.

சௌந்தர்யா தன் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

கமலவேணி மேஜை ஓரத்தில் இருந்த மைக்கைக் கைலாசம் பக்கம் நகர்த்தினார். லாரி நம்பர்களைக் கூப்பிடுவதற்காக யார்டு முழுக்கக் குழாய் கட்டியிருந்தது. "கேட் பாஸ் வந்துருச்சுன்னு சொல்லணுமில்லைங்களா. அப்படியே மத்ததையும் சொல்லிருங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றதா இருக்கும். நான் சொன்னா கொஞ்சம் விவரமா வரும்."

கைலாசம் மைக்கைப் பிடித்தார். தோள் தானாகவே விரிந்தது.

"அனைத்து ஓட்டுநர் பெருமக்களுக்கும் வணக்கம். இன்று காலை ஏற்பட்ட சிறு தொழில்நுட்ப இடையூறானது நிர்வாகத்தின் துரித நடவடிக்கையாலும்…"

கமலவேணி சுவிட்சை அணைத்தார். "விருது குடுக்கறப்ப அதைப் பேசிக்கலாங்க."

கைலாசம் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மெயில் படித்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் டிரைவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவர் சட்டைப்பையில் வெளியே தெரிந்த செல்போனை உள்ளே தள்ளிக்கொண்டு, சுவிட்சைத் தாமே போட்டார்.

"நான் கைலாசம் பேசறேன். சர்வருல தப்புப் பண்ணுனது சௌந்தர்யா இல்லீங்க. நான்தானுங்க. பழைய பெட்டியில இருந்து ஒண்ணைக் கழட்டிப் புதுசுல மாட்டிப்போட்டேன். அந்தப் புள்ளை மேல ஒரு குத்தமும் இல்லீங்க. அதை அங்க உக்கார வெச்சது எங்க தப்பு."

மைக்கை வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அறையில் எல்லோரும் சௌந்தர்யாவைப் பார்த்தார்கள். அவள் சன்னல் வழியாக, லாரி வரிசையின் கடைசி வரைக்கும் பார்த்தாள்.

"டயர் ஸ்டோர் பக்கம் நிக்கறவங்களுக்குக் கேட்டிருக்காதுங்க" என்றாள். "இஞ்சினை அணைக்கச் சொல்லிட்டு இன்னொருக்கா சொல்லுங்க."

கைலாசம் மைக்கை எடுத்து இஞ்சினை அணைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக அடங்கி, யார்டின் மறுகோடி வரைக்கும் சத்தம் ஓய்ந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.